கும்மிடிப்பூண்டியிலிருந்து வெளிநாடு போன குளம்புத் தோல்

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டுப் புண்ணிலிருந்து நகம் அளவுக்குத் தோல் எடுத்து வரக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கால்நடை நோய்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. இந்த வலைப்பூவில் வழக்கமாகக் கோயிலும் கடற்கரையும்தான் எழுதுவேன். வேலைக்காகப் போகும் ஊர்களைப் பற்றியும் எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். மாதிரி எடுக்கப் போகும் இளைய மருத்துவர்கள் சிலரும் இதைப் படிப்பதாகத் தெரிகிறது. சரி, கேட்டீர்கள், அனுபவியுங்கள்.

கோமாரி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டின் நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் வரும், வாயில் எச்சில் ஒழுகும், தீனி இறங்காது, பால் வற்றும். ஒரு மாட்டுக்கு வந்தால் ஊர் மாட்டுக்கெல்லாம் வரும். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஊசி போட்ட மாடுகளுக்கும் வந்துவிட்டது என்று தகவல் வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, நோய் வந்த ஊர் என்று பெயர் கெட்டால் அடுத்த வருடமும் அங்கே பால் வாங்கத் தயங்குவார்கள்.

ஊசி போட்டும் வந்தது என்றால், நம் தடுப்பூசிக்கு அடங்காத கிருமியா என்று பார்த்தாக வேண்டும். இதற்காக எங்கள் ஆய்வகமும் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றும் கைகோத்திருக்கின்றன. ஒரே தோலில் பாதியை நாங்கள் சோதிப்போம், பாதியை அவர்கள் சோதிப்பார்கள். பல நாடுகளிலிருந்து வந்த கிருமிகள் அவர்களிடம் இருப்பதால், நம்முடையது எதற்குச் சொந்தம் என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். இரண்டு முடிவும் ஒத்துப்போனால்தான் எந்த ஊசியை எங்கே போடுவது என்று மேலே முடிவெடுப்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மாட்டுத் தோலை நாடு கடத்துவதற்கான அனுமதிகளை வாங்குவதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்தது. அந்த அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் நல்ல மாதிரி கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆய்வக ஜீப் வழக்கம்போலப் பழுது. ஆகவே ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர், கட்டணம் பதினைந்து ரூபாய். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் எதிர்பார்த்ததை விட அதிகம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெண்மணி எண்ணூர் வரைக்கும் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, புரட்டாசி மாதத்தில் மீன் எடுத்துக்கொண்டு போகிறேனே என்று வருத்தப்பட்டார். மருந்து என்றேன். நம்பவில்லை. மீஞ்சூரில் இடம் காலியானதும் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பொன்னேரி தாண்டினால் கொஞ்சம் பச்சை தெரியும், கவரைப்பேட்டைக்குப் பிறகு புகைபோக்கிகள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கும்மிடிப்பூண்டி. நிலையத்துக்கு வெளியே இட்லியும் வடையும் அறுபது ரூபாய். சட்னி கெட்டியாக இருந்தது, அன்றைக்கு நடந்த நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று என்பதால் குறித்து வைக்கிறேன்.

நாள் முழுக்க ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு பேசினேன். ஓட்டுநர் தேசிங்கு, ஐம்பது வயதுக்காரர், தொழிற்பேட்டையின் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்துக்கொண்டே எல்லா முதலாளிகளையும் திட்டிக்கொண்டு வந்தார். நோய் வந்த ஊருக்குப் போகிறோம் என்று சொன்னதும் திட்டுவதை நிறுத்தினார். வீட்டில் இரண்டு ஆடு வைத்திருக்கிறாராம். ஆட்டுக்கும் கோமாரி வரும். ஊருக்கு வெளியே, தார் ரோட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், திரும்பும்போது டயரில் சோடா உப்புத் தண்ணீர் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"வண்டிக்குக் கூட மருந்தா? ஒரே பேஜாரா கீது மேடம்" என்றார். ஆனால் திரும்பிப் போகவில்லை.

ரோட்டிலிருந்து ஊருக்குள் அரை கிலோமீட்டர் நடை. தொழிற்சாலைச் சுற்றுச்சுவர் ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம். அந்தப் பகுதியின் கால்நடை ஆய்வாளர் குமரவேல் எனக்காகக் காத்திருந்தார். சுறுசுறுப்பான மனிதர். முந்தின நாளே வீடு வீடாகப் போய் நான் வருவதைச் சொல்லிவிட்டாராம். நடந்துகொண்டே ஊர் நிலவரத்தையும் சொன்னார்.

நோய்க்குக் காரணம் எஸ்தர் என்று ஊரே முடிவு கட்டியிருக்கிறது. எஸ்தர் ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத்துக்குத் துப்புரவு வேலை செய்யும் பெண். கணவனும் அதே ஆலை. கடன் வாங்கி, ஆந்திர எல்லையில் தடா பக்கத்துச் சந்தையிலிருந்து ஒரு கறவை மாட்டை ஒரு மாதம் முன்பு பிடித்து வந்திருந்தார்கள். அந்த மாடுதான் நோயைக் கொண்டுவந்தது என்கிறார்கள். முதலில் ஏரியில் அவர்கள் மாடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள். பிறகு பால் ஊற்றும் இடத்தில் அவள் பாலை வாங்க விடவில்லை. இந்தப் பேச்சைத் தொடங்கியவர் கோதண்டம், ஊரில் நிலமும் மாடும் அதிகம் உள்ளவர். எஸ்தரின் மாமனார் காலம்வரை அந்தக் குடும்பம் கோதண்டம் வீட்டு நிலத்தில்தான் கூலி வேலை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நோய் இல்லாத கொட்டகையை முதலில் பார்த்துவிட்டு, நோய் உள்ளதைக் கடைசியில் பார்ப்பது எங்கள் முறை. மாற்றிப் போனால் நாமே நோயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்புவோம். தன் மாடுகளுக்கு ஒன்றுமே இல்லை என்று கோதண்டம் சொல்லியிருந்ததால் அவர் கொட்டகைக்கு முதலில் போனோம். நல்ல கொட்டகை, சிமெண்டுத் தரை, மின்விசிறி. மாடுகளைக் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார். மோர் கொடுத்தார். வேலை முடியாமல் குடிக்கக் கூடாது என்று மறுத்தேன், அவர் முகம் சுருங்கியது.

முதல் மாட்டின் வாயைக் குமரவேல் பிடிக்க, நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தேன். வெளிறிய தழும்பு. புண் ஆறி, மேலே புதுத்தோல் மூடி, ஓரமெல்லாம் சமமாகியிருந்தது. அடுத்த மாட்டிலும் அப்படியே. காலைத் தூக்கினால் குளம்பு இடுக்கில் பழைய வடு. கோமாரிப் புண்ணின் வயதை ஓரளவு கண்ணாலேயே சொல்லலாம். இது பத்து நாளைக்குக் குறையாது. இது என்ன என்று கேட்டேன். வயலில் கல் குத்தியிருக்கும் என்றார். நாக்கில் எப்படிக் கல் குத்தும் என்று நான் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தினமும் கேன் கேனாக ஊற்றுகிற பால் நின்றுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதைக் கொண்டுபோய் இன்னொருத்தி தலையில் கட்டியதுதான் புரியவில்லை.

கையுறையையும் காலணியையும் மாற்றிக்கொண்டு அடுத்த வீடுகளுக்குப் போனோம். இங்கேதான் அன்றைய கூத்து. மாட்டுக்கு நோய் இருக்கிறது, புண் இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டிய கொப்புளத் தோல் மட்டும் இல்லை. நாக்கு பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. மூன்றாவது வீட்டில் மாட்டின் வாயருகே குனிந்தபோது ரசம் வாடை அடித்தது. வாசலில் ஒரு சொம்பு நிறையப் புளிச் சக்கை.

விசாரித்தால், குமரவேல் முந்தின நாள் ஊருக்கெல்லாம் சொன்ன செய்தி இது: "நாளைக்கு டாக்டரம்மா வந்து மாட்டு வாயில இருந்து தோலு எடுத்து ஃபாரினுக்கு அனுப்பப் போறாங்கோ." கேட்ட ஊர் சும்மா இருக்குமா? வாயில் எச்சில் ஒழுகினால் புளியும் உப்பும் வைத்து நாக்கைத் தேய்ப்பது அங்கே பழக்கம். வெளிநாடு போகிறது என்றதும் எல்லா வீட்டிலும் விடியற்காலையிலேயே ஆளுக்கு ஒரு மாட்டைப் பிடித்துக் கூடுதலாக ஒரு தேய்ப்புத் தேய்த்திருக்கிறார்கள். குளம்புக்குச் சோடா உப்புத் தண்ணீர் வேறு. புளிப்பு பட்டாலும் கோமாரிக் கிருமி செத்துப்போகும், சோடா உப்பு பட்டாலும் செத்துப்போகும். ஊரையே ஒரே காலையில் கழுவி எடுத்துவிட்டார்கள்.

குமரவேலை முறைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பிளாஸ்டிக் பாதுகாப்பு உடைக்குள் வியர்வை ஆறாக ஓடியது, முதுகு விட்டுப்போயிருந்தது. இத்தனை மாத அனுமதிக் கடிதம், இரண்டு நாட்டு மின்னஞ்சல், ஐஸ் பெட்டி, எல்லாவற்றையும் ஒரு கைப்பிடிப் புளி தின்றுவிட்டது. ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாத நிலை.

கடைசியாக எஸ்தர் வீடு. சுற்றுச்சுவர் ஓரத்தில் தகரக் கொட்டகை, ஒரு கறவை மாடு, ஒரு கிடாரி. முப்பது வயது இருக்கும் அவளுக்கு. வேலைக்குப் போகாமல் எனக்காக நின்றிருந்தாள், ஒரு நாள் கூலி போச்சு. மாட்டின் நாக்கைப் பார்த்தேன். அதுவும் கழுவப்பட்டிருந்தது. எரிச்சலை அடக்க முடியாமல், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ஃபாரின் போற பண்டம் மேடம். அயுக்கா அனுப்பலாமா? ஏற்கெனவே என் மாட்டத்தான் எல்லாரும் பேசிக்கினு கீறாங்கோ. அங்க போயும் பேச்சு வாங்கணுமா?"

என் எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. மாட்டின் புண்ணை மறுபடி பார்த்தேன். தோல்தான் போயிருந்தது, புண்ணின் ஓரம் இன்னும் சிவப்பாக, கூர்மையாக இருந்தது. மூன்று நான்கு நாள் புண். வாங்கி வந்து ஒரு மாதம் நன்றாகவே இருந்திருக்கிறது. சந்தையிலிருந்து நோயோடு வந்திருந்தால் முதல் இரண்டு வாரத்திலேயே படுத்திருக்கும். இங்கே வந்த பிறகுதான், ஊர் தடுப்பதற்கு முன்பு அதே ஏரியில் தண்ணீர் குடித்துத்தான், இந்த மாடு நோயை வாங்கியிருக்கிறது.

உடையைக் கழற்றப் போன நேரத்தில் கிடாரி வாயைச் சப்புக்கொட்டியது. கயிறு மாதிரி எச்சில் இறங்கியது. முன்னங்காலை ஒரு தரம் உதறியது. "ஐயோ, இதுக்குமா" என்று எஸ்தர் உள்ளே ஓடிப்போய்ப் புளிச் சொம்போடு வந்தாள். சொம்பைக் கீழே வை என்று நான் போட்ட அதட்டலில் குமரவேலே இரண்டடி பின்வாங்கினார்.

காலைத் தூக்கிப் பார்த்தோம். குளம்பு இடுக்கில் உடையாத கொப்புளம், அன்றைக்குப் புதிதாக வந்தது. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒருத்தியின் இரண்டாவது மாட்டுக்கும் நோய் வந்ததைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் பட்டேன். தோலை வெட்டி எடுத்து, மருந்துத் திரவம் உள்ள குப்பியில் போட்டு, மூன்று உறை சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கிடாரி உதைத்ததில் என் முழங்கால் கன்றிப்போனது.

எஸ்தர் கேட்டாள், அந்த வெளிநாட்டுக்காரர்கள் சோதித்தால் நோய் யார் மாட்டிலிருந்து வந்தது என்று தெரியுமா என்று. கிருமி எந்த வகை, எந்த ஊசிக்கு அடங்கும் என்று தெரியும், எந்த வீட்டு வாசலில் முதலில் நுழைந்தது என்று அதில் எழுதியிருக்காது என்றேன். ஆனால் உன் மாட்டுப் புண் புதுசு, ஊரில் அதைவிடப் பழைய புண்ணை இன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். யார் வீட்டில் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா மேடம் பிரயோஜனம்? எனக்குத் தெரியாதா? பால் ஊத்துற எடத்துல வந்து சொல்லுங்கோ."

பால் ஊற்றும் இடம் தார் ரோட்டோரம். நான்கு மணிக்கு மாடு வைத்திருக்கும் ஊரே அங்கே நிற்கும். நோய் மாட்டைத் தொட்டுவிட்டு, மாடு வைத்திருப்பவர்கள் கூடும் இடத்துக்கு நான் போகவே கூடாது. எஸ்தரும் இனி போகக் கூடாது. இன்னொரு பக்கம் குமரவேல் கெஞ்சினார். முடிவு வராமல் பேசினால் பிரச்சினையாகிவிடும், தான் நாளைக்கும் இதே ஊரில்தான் வேலை பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்கோ வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது. ஐஸ் வேறு உருகிக்கொண்டிருந்தது.

உடையைக் கழற்றிக் கட்டி, கைகால் கழுவி, மாற்று உடை போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எதிர்ப்பக்கம் கேன்களோடு இருபது பேர் நின்றார்கள். கோதண்டமும் நின்றார். நின்றவர்களில் ஒருவர், "இன்னா மேடம், அந்தப் பொண்ணு மாடுதானே?" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்டார். அவர் கேட்காவிட்டால் ஆட்டோவில் ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரோட்டைக் கடக்காமல் இந்தப் பக்கத்திலேயே நின்று கத்தினேன். இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டேயிருந்தன, ஒவ்வொன்றும் கடக்கும் வரை நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"எஸ்தர் மாட்டுப் புண்ணு மூணு நாலு நாள்தான் ஆகுது. ஊர்ல அதுக்கு முன்னாடியே நோய் வந்திருக்கு. ஆறிப்போன தழும்பை நான் பாத்தேன். யார் வீட்லன்னு சொல்லமாட்டேன். நோய் கண்ட மாடு யார்கிட்ட இருந்தாலும் கொஞ்ச நாளைக்குப் பால் ஊத்தாதீங்க, ஏரிக்கு ஓட்டாதீங்க. எஸ்தரும் ஊத்தமாட்டா."

பால் அளக்கிறவர் அளவையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு லாரி போனது. அது கடந்தபோது கோதண்டம் வரிசையிலிருந்து விலகியிருந்தார். நிரம்பிய கேன்கள் இரண்டையும் எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினார், யாரையும் பார்க்காமல் வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனார். ஊற்றாத பாலோடு அவர் போவதை இருபது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தேசிங்கு டயருக்கு மருந்து அடிக்கும்வரை பொறுமையாக நின்றார். நிலையத்தில் நான் இறங்கும்போது, ஆட்டை எத்தனை நாளைக்கு வெளியே விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். திரும்பும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கன்றிய முழங்காலோடு பேசின் பிரிட்ஜ் வரை நின்றுகொண்டே வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கூடுதலாக இரண்டு ஐஸ் பை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்க வெயிலுக்கு ஒரு நாள் கணக்கு செல்லாது. மாற்று உடை, இரண்டு ஜோடி ரப்பர் காலணி கட்டாயம். ஆட்டோவை முழு நாளுக்குப் பேசிவிடுங்கள், மருந்தடிப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலை நான்கரைக்கு மேல் தொழிற்பேட்டை ஆட்கள் இறங்குவார்கள், ரயிலில் மூச்சு விட முடியாது. எல்லாவற்றையும் விட முக்கியம், நான் வரும்வரை வாயையும் குளம்பையும் கழுவாதீர்கள் என்று நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். வெளிநாடு என்ற சொல்லை மட்டும் எடுக்காதீர்கள்.

தோல் வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டது. பிற்பாடு அங்கிருந்து வந்த பதிலும் எங்கள் முடிவும் ஒத்துப்போயின. பழக்கப்பட்ட வகைக் கிருமிதான், நாம் போடும் ஊசிக்கு அடங்கக்கூடியது. ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுகிறதாம். மறு ஊசி விட்டுப்போனதால்தான் ஊசி போட்ட மாட்டுக்கும் வந்திருக்கிறது, அப்படி விட்டுப்போன மாடுகளைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், இன்னும் நிறைய அலைச்சல்.

இதைச் சொல்ல எஸ்தருக்குப் போன் செய்தேன். கிடாரி தேறிவிட்டதாம், கறவை பாதிப் பால்தான் கறக்கிறதாம். ஊர் நிறுத்திய அவள் பாலை மறுபடி ஊற்ற விடாமல் நானும் சேர்ந்து தடுத்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நஷ்டம்தானே என்று கேட்டேன்.

"நஷ்டந்தான் மேடம். ஆனா இப்ப நின்னது மாட்டுக்கு நோவுன்னு. முன்ன அவங்கோ நிறுத்தனது, ஊத்துறது நான்னு" என்றாள். ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.